குறுக்கே விழுந்த குரல்

கார்த்திகா என்னிடம் வேலை பழகியவள். இப்போது எங்கள் பழைய கன்ட்ரோல் சென்டரில் புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பில் இருக்கிறாள். போன மாதம் போன் செய்தாள்.

"அக்கா, இப்பல்லாம் பாதி உத்தரவு எழுத்தாவே விமானத்துக்குப் போயிடுது. நாங்க ஸ்கிரீன்ல அனுப்புறோம், பைலட் ஒரு பட்டனை அமுக்கி ஒத்துக்கிறார். அப்புறம் எதுக்கு ரேடியோல பேசுறதுக்கு இவ்வளவு பயிற்சின்னு பசங்க கேக்குறாங்க. நீங்க அந்தச் சம்பவத்தை எழுதிக் கொடுங்களேன்."

எந்தச் சம்பவம் என்று அவள் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எனக்குச் சொந்த ஊர் தென்காசி. அப்பாவுக்கு இரும்புக்கடை. பாளையங்கோட்டையில் இயற்பியல் படித்தேன், பரீட்சை எழுதினேன், வடக்கே பயிற்சிக்குப் போனேன், தெற்கே ஒரு பெரிய விமான நிலையத்தில் ஏர் டிராஃபிக் கன்ட்ரோலராகச் சேர்ந்தேன். ஓய்வு பெறும்வரை பெரும்பாலும் அங்கேதான். ஊரில் இந்த வேலையை யாருக்கும் விளக்க முடியவில்லை. ஏர் ஹோஸ்டஸா என்பார்கள், இல்லை என்றால் டிக்கெட் கொடுக்கிற வேலையா என்பார்கள். அம்மா மட்டும், "எஸ்தர் பிளேனுக்கு வழி சொல்லுதா" என்பாள். அதைவிடச் சரியாக யாரும் சொன்னதில்லை.

நான் இருந்தது கண்ணாடிக் கோபுரத்தில் அல்ல. ஜன்னல் இல்லாத ஒரு பெரிய அறை. முன்னால் ரேடார் திரை, காதில் ஹெட்செட், காலடியில் பேசுவதற்கு ஒரு மிதிகட்டை. வானத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பகுதிக்கு ஒரு ரேடியோ அலைவரிசை. அந்தப் பகுதியில் பறக்கிற எல்லா விமானமும் அந்த ஒரே அலைவரிசையில்தான் பேச வேண்டும். ஒருவர் பேசினால் மற்றவர் காத்திருக்க வேண்டும். நான் ஒரு விமானத்தை இறங்கச் சொன்னால், அதன் பைலட் எந்த உயரத்துக்கு என்பதையும் தன் விமானத்தின் எண்ணையும் திருப்பிச் சொல்ல வேண்டும். அதை நான் காதுகொடுத்துக் கேட்டு, சரி என்றால் விட வேண்டும், தப்பு என்றால் அந்த நொடியே திருத்த வேண்டும். வேலையில் பாதி இதுதான்.

எங்கள் ஷிஃப்டுக்கு சூப்பர்வைசர் தாமோதரன் சார். செங்கோட்டையிலிருந்து மலையைத் தாண்டினால் புனலூர், அதுதான் அவர் ஊர். பல வருஷம் தமிழ்நாட்டில் இருந்தும் பேச்சில் மலையாளம் போகவில்லை. யாரையும் சத்தம்போட மாட்டார், யாரையும் பாராட்டவும் மாட்டார். நாம் வேலையில் இருக்கும்போது பின்னால் வந்து நின்று, தன் ஹெட்செட்டை நம் மேசையில் செருகிக்கொள்வார். 'டிக்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். திரும்பிப் பார்க்கக் கூடாது. ஷிஃப்ட் முடிந்ததும் கூப்பிட்டு ஒரே கேள்வி கேட்பார்.

"எஸ்தரே, அந்த விமானம் திருப்பிச் சொன்னதே, அது கேட்டதா, இல்லை கேட்டதுபோல இருந்ததா?"

முதல் வருஷம் எனக்கு இந்தக் கேள்வி எரிச்சலாக இருந்தது. பிறகுதான் புரிந்தது. எதை எதிர்பார்த்திருக்கிறோமோ அதைக் காது தானாகவே கேட்டுக்கொள்ளும். பைலட்டுக்கும் அப்படித்தான்.

நான் அனுபவம் பெற்று, மற்றவர்களுக்குப் பழக்கிக்கொடுக்கிற நிலைக்கு வந்தபிறகு அந்தச் சம்பவம் நடந்தது. தென்மேற்குப் பருவமழை. மேற்கு மலைத்தொடர் முழுக்க மேகம் ஏறி நின்றது. மத்தியான நேரம். எந்த விமானமும் நேர்வழியில் போகத் தயாராக இல்லை. இடது பக்கம் விலகட்டுமா, வலது பக்கம் விலகட்டுமா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முடிக்கும் முன்னால் அடுத்தவர் தொடங்கிவிடுவார். இப்படி நெரிசலான நேரத்தில் பகுதியை இரண்டாகப் பிரித்து இன்னொரு கன்ட்ரோலரை உட்கார வைக்கலாம். அன்று பிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் குறைந்துவிடும் என்று சூப்பர்வைசர் நினைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரே கம்பெனியின் இரண்டு விமானங்கள் என்னிடம் இருந்தன. ஒன்றின் எண் நான்கு ஐந்து இரண்டு. மற்றதன் எண் நான்கு இரண்டு ஐந்து. இரண்டும் முப்பத்தைந்தாயிரம் அடியில், வேறு வேறு இடத்தில் பறந்துகொண்டிருந்தன. நான்கு ஐந்து இரண்டு தெற்கே இறங்க வேண்டியது. நான்கு இரண்டு ஐந்து தூரம் போக வேண்டியது. அதற்கு எதிர்த்திசையில், ஆயிரம் அடி கீழே, வேறொரு கம்பெனியின் விமானம் வந்துகொண்டிருந்தது. ஆயிரம் அடி இடைவெளி இருந்தால் ஒன்றன்மேல் ஒன்று தாராளமாகக் கடந்து போகலாம். தினமும் நடப்பது.

நான் நான்கு ஐந்து இரண்டை இருபத்தெட்டாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னேன். பேச்செல்லாம் ஆங்கிலத்தில்தான், இங்கே தமிழில் எழுதுகிறேன்.

பதிலாக வந்தது ஒரு கிறீச் சத்தம். இரண்டு விமானங்கள் ஒரே நேரத்தில் பேசினால் அப்படித்தான் கேட்கும். இரண்டு பேச்சும் ஒன்றையொன்று கொன்றுவிடும். பேசியவர்களுக்கு அது தெரியவும் தெரியாது; தான் பேசும்போது மற்றவர் பேச்சு காதில் விழாது. விதிப்படி நான் உடனே கேட்டேன்: "இரண்டு பேர் சேர்ந்து பேசினீர்கள். நான்கு ஐந்து இரண்டு, மறுபடி சொல்லுங்கள்."

நான்கு ஐந்து இரண்டு தெளிவாகத் திருப்பிச் சொன்னது. இருபத்தெட்டாயிரம். சரி. அதன் வாலைப் பிடித்த மாதிரி இன்னொரு விமானம், மேகத்தைச் சுற்றி விலகிப்போக அனுமதி கேட்டு நீளமாகப் பேசியது. அதற்குப் பதில் சொன்னேன்.

திரையில் சிவப்பு மின்னியது. நான்கு இரண்டு ஐந்து இறங்கிக்கொண்டிருந்தது. யாரும் சொல்லாமல், எதிரே வரும் விமானத்தின் உயரத்துக்கே இறங்கிக்கொண்டிருந்தது.

"நான்கு இரண்டு ஐந்து, உடனே ஏறுங்கள், முப்பத்தைந்தாயிரத்துக்கு. எதிரே விமானம்."

பதில் ஒரே வரியாக வந்தது. முடியாது, கருவி சொல்கிறபடி போகிறோம்.

இதை விளக்க வேண்டும். பெரிய விமானங்களில் ஒரு கருவி உண்டு. இன்னொரு விமானம் மோதுகிற அளவுக்கு நெருங்கினால் 'ஏறு', 'இறங்கு' என்று அதுவே பைலட்டுக்குச் சொல்லும். இரண்டு விமானத்தின் கருவிகளும் தங்களுக்குள் பேசிக்கொண்டு ஒன்றை மேலேயும் மற்றதைக் கீழேயும் அனுப்பும். நான் ஏறச் சொன்ன விமானத்தை அது இன்னும் வேகமாக இறங்கச் சொல்லியிருந்தது. கருவி பேசத் தொடங்கிவிட்டால் தரையில் இருக்கிறவர் சொல்வது செல்லாது. அந்த இரண்டு விமானத்துக்கும் ஒரு வார்த்தை கூடச் சொல்லக் கூடாது. சொன்னால் பைலட் ஒரு நொடி தயங்குவார். அந்த ஒரு நொடி போதும்.

நான் "சரி" என்றேன். மிதிகட்டையிலிருந்து காலை எடுத்தேன்.

திரையில் இரண்டு புள்ளிகளும் ஒன்றாகிவிட்டன. எண்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து படிக்க முடியாமல் போயின. எதையாவது சொல்லிவிட வேண்டும் என்று வாய் துடித்தது. வழி சொல்லுவதே தொழிலாக இருக்கிறவளுக்கு வாயை மூடிக்கொண்டிருப்பதைப் போலக் கொடுமை வேறு கிடையாது. அலைவரிசையில் இருந்த மற்ற விமானங்களும் என்னவோ நடக்கிறது என்று புரிந்துகொண்டு அமைதியாகிவிட்டன. என் பின்னால் 'டிக்' என்று தாமோதரன் சார் ஹெட்செட் செருகும் சத்தம் கேட்டது. அவரும் பேசவில்லை.

பிறகு புள்ளிகள் பிரிந்தன. எதிரே வந்த விமானம், தாண்டிவிட்டோம் என்றது. நான்கு இரண்டு ஐந்தும் அதையே சொன்னது. அதன்பின் அதே குரல், கொஞ்சம் மாறி, எங்கள் பணியாளர் ஒருவருக்குப் பலத்த அடி, பக்கத்தில் எங்கே இறங்கலாம் என்று கேட்டது.

வழி சொன்னேன். அது முடிந்ததும் சார் என் தோள்பக்கம் குனிந்து, "ஹேண்டோவர் கொடு" என்றார். அப்படியே எழுந்து போக முடியாது. எந்த விமானம் எந்த உயரத்தில், யாருக்கு என்ன சொல்லியிருக்கிறேன் என்று ஒவ்வொன்றாக அடுத்தவருக்குச் சொல்லி, அவர் திருப்பிச் சொல்லிய பிறகே ஹெட்செட்டைக் கழற்ற வேண்டும். நிதானமாகச் சொல்லி முடித்தேன்.

விசாரணை தொடங்கியது. அது முடியும்வரை என் உரிமத்தை வாங்கி வைத்துக்கொண்டார்கள். நடந்ததை நான் எழுதிக் கொடுக்கும்வரை ஒலிப்பதிவைக் கேட்க விடவில்லை. அதுதான் முறை. எழுதிக் கொடுத்த பிறகு ஒரு சின்ன அறையில் மூன்று அதிகாரிகள், நான், தாமோதரன் சார், ஒரு ஸ்பீக்கர்.

நடந்தது இவ்வளவுதான். நான் நான்கு ஐந்து இரண்டுக்குச் சொன்னதை நான்கு இரண்டு ஐந்தில் இருந்த துணை பைலட் தனக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு திருப்பிச் சொல்லியிருக்கிறார். இரண்டு பதிலும் மோதித்தான் அந்தக் கிறீச் சத்தம். கேப்டன் அந்த நேரம் பயணிகளுக்கு அறிவிப்புச் செய்துகொண்டிருந்தார். துணை பைலட் சொன்னதை நம்பி இறக்கத் தொடங்கினார். துணை பைலட்டின் வாக்குமூலம் மேசையில் இருந்தது: "சந்தேகம் வந்தது. உத்தரவு எங்களுக்குத்தானா என்று ரேடியோவில் கேட்டேன். பதில் வரவில்லை. மறுபடி கேட்கும் முன் கருவி கத்தியது."

தரையில் பதிவான எங்கள் டேப்பில் அப்படி ஒரு கேள்வியே இல்லை. விமானத்துக்குள் இருக்கும் ஒலிப்பதிவில் பழையதன்மேல் புதியது பதிந்து, அந்தப் பகுதி அழிந்துவிட்டது. அதனால் அவர் பொய் சொல்கிறார் என்று ஆனது. பைலட் தவறு என்று எழுதி முடித்துவிடலாம். எங்களுக்கும் அதுதான் வசதி.

இரண்டாவது தடவை போட்டபோது நான் கையை உயர்த்தினேன். "அந்த மூணாவது விமானம் நீளமா பேசுதே, அதுக்கு அடியில ஒரு குரல் இருக்கு."

மறுபடி போட்டார்கள். மற்ற யாருக்கும் கேட்கவில்லை. இரைச்சல்தான் என்றார்கள்.

எனக்குக் கேட்டது. எண்கள் கேட்கவில்லை, ஆங்கிலமும் கேட்கவில்லை. கடைசியில் ஏறி நிற்கிற இழுப்பு மட்டும் கேட்டது. எங்கள் பக்கத்துக்காரர்கள் எந்த மொழியில் கேள்வி கேட்டாலும் முடிவில் அப்படி ஒரு இழுப்பு வரும். அந்தத் துணை பைலட்டின் குரலை அதற்கு முன்பும் ரேடியோவில் பலமுறை கேட்டிருக்கிறேன். இது நம்ம ஊர்ப் பையன் என்று நினைத்துக்கொள்வேன். பெயர் தெரியாது.

தலைமை அதிகாரி ஃபைலைப் புரட்டினார். "உங்க சொந்த ஊர்?"

"தென்காசி."

"அவருக்கு வடகரை. பக்கத்து ஊர்தானே?"

"ஆமா, சார்."

அவர் ஃபைலை மூடிவைத்தார். எனக்கு முகம் சூடாகிவிட்டது.

வெளியே நடைபாதையில் தாமோதரன் சார் என்னை நிறுத்தினார். வழக்கமான அதே கேள்விதான். ஆனால் அன்றைக்கு அவரே கேட்கத் தயங்கினார்.

"எஸ்தரே, அது கேட்டதா? கேட்டதுபோல இருந்ததா?"

கேட்டது என்று சொல்ல வாயைத் திறந்தேன். "தெரியலை சார்" என்றேன். "நம்ம ஊர்ப் பையனாச்சேன்னு என் காதே இட்டுக்கட்டிச்சோ என்னமோ."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அங்கே பார்த்தபடியே சொன்னார்: "அப்போ உன் காது போதாது. மலைமேலே நமக்கு இன்னொரு ரிசீவர் உண்டு. அந்த விமானம் அதுக்குப் பக்கத்திலேதான் இருந்தது. அங்கே தனியா பதிவாகும். அதைக் கேட்கச் சொல்லுவோம்."

பிறகு, "அதிலே அந்தக் குரல் இருந்தா அடுத்த கேள்வி எனக்கு வரும், கேட்டோ" என்றார். "ஒரே ஆள் காதிலே இவ்வளவு நெரிசல் ஏன்னு கேட்பாங்க."

தெரிந்தேதான் அந்தப் பதிவைக் கேட்டு எழுதிக் கொடுத்தார். மலை ரிசீவரின் பதிவு வந்தது. அதிலும் முழுக்கத் தெளிவில்லை. மூன்றாவது விமானத்தின் பேச்சு அங்கே மெலிந்திருந்தது; அதன் ஊடே அந்தப் பையனின் குரல், 'எங்களுக்கா, நான்கு இரண்டு ஐந்துக்கா' என்று கேட்டது. முதல் பாதி ஊகம்தான். எண் மட்டும் அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. "பகுதியைப் பிரிக்க ஆள் இருந்தாங்க. மேசை காலியா இருந்தது. நான் பிரிக்கலை." எழுந்து நின்று சொன்னார். அது அவர் ஃபைலில் ஏறியது. அதன்பின் அவருக்குப் பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி என்னிடம் அவர் ஒருநாளும் பேசியதில்லை. சில வருஷங்களுக்கு முன் அவர் இறந்தபோது செங்கோட்டை வழியாக ரயிலில் புனலூர் போய் வந்தேன். வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கதையே தெரியவில்லை.

துணை பைலட்டுக்கு வேலை போகவில்லை. மறுபயிற்சிக்குப் பின் பறக்க விட்டார்கள். எனக்கும் உரிமம் திரும்பக் கிடைத்தது. இரண்டு குரல் மோதினால், ஒருவரைக் கண்டுபிடித்ததோடு நிற்காமல், இன்னொருவர் யார் என்றும் கேட்க வேண்டும் என்பது எங்கள் பயிற்சியில் சேர்ந்தது. கார்த்திகா, உன் பசங்களுக்குப் பாடம் வேண்டுமென்றால் அது இவ்வளவுதான். ஆனால் எனக்கு இதோடு முடியவில்லை.

ஓய்வு பெற்று தென்காசிக்கு வந்து குடியேறிய பிறகு, ஒரு சாரல் காலத்தில் வாசலில் யாரோ, "மேடம் இருக்காங்களா?" என்று கேட்டார்கள். நான் உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆளைப் பார்ப்பதற்கு முன்பே அந்த இழுப்பு யாருடையது என்று தெரிந்துவிட்டது.

"நாலு ரெண்டு அஞ்சா?" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. கண் கலங்கிப்போய் நின்றார். நாற்பதைத் தொட்ட ஆள், இப்போது கேப்டன். பெயர் மாரிசெல்வம். அப்பா ராணுவத்தில் இருந்தவர், வடகரையில் தென்னந்தோப்பு. என் தம்பியின் கடையில் விசாரித்து வந்திருக்கிறார்.

காப்பி குடித்து முடித்ததும் கேட்டார். "அக்கா, ஒண்ணு சொல்லட்டா? அந்தப் பதிவுல என் குரல் இருக்குன்னு சொன்னப்போ நான் நம்பல. 'நீ கேக்கல, கேக்கல'ன்னு மாத்தி மாத்திச் சொன்னாங்க. கடைசியில, நாம கேக்கவே இல்ல போல, பயத்துல கேட்டதா நினைச்சுக்கிட்டோம்னு நானே முடிவு பண்ணிட்டேன். ஒத்துக்கிட்டு எழுதிக் கொடுக்கப் போயிட்டேன். மறுநாள் டேப்பு வந்துட்டு."

நான் சந்தேகப்பட்ட அதே நாட்களில் அவரும் தன்னையே சந்தேகப்பட்டிருக்கிறார்.

"வந்தது அதுக்கு இல்லக்கா" என்றார். "ஜான்சி குத்தாலத்துக்கு வந்திருக்கா. உங்களப் பாக்கணும்ங்கா."

"ஜான்சி யாரு?"

"அன்னைக்கு அடிபட்ட பொண்ணு."

அந்தப் பெயரை நான் அதுவரை கேட்டதில்லை. விசாரணை அறிக்கையில் அவள் ஒரே வரி: பணிப்பெண் ஒருவருக்கு முதுகெலும்பில் பலத்த காயம். அந்த வரியை நான் எத்தனையோ தடவை படித்திருக்கிறேன்.

மாரிசெல்வம் காரில் அழைத்துப் போனார். ஐந்தருவிக்குப் போகிற ரோட்டில் ஒரு லாட்ஜ். தூத்துக்குடிப் பக்கத்துக்காரியாம். முதுகு வலிக்கு இங்கே எண்ணெய் தேய்த்துக்கொள்ள ஒவ்வொரு சீசனுக்கும் வருகிறாள். அருவியில் நிற்க டாக்டர் விடவில்லை. நாங்கள் போனபோது தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நாற்காலியில் கைத்தடி சாய்த்து வைத்திருந்தது. வெளியே சாரல்.

உட்கார்ந்ததும் நேராகக் கேட்டாள். "நீங்கதான் அன்னைக்கு ரேடியோல இருந்தீங்களா?"

"ஆமாம்மா."

"ஆபத்துன்னு தெரிஞ்சும் நீங்க ஒண்ணும் பேசலன்னு இவரு சொன்னாரு. ஏன்?"

எல்லாம் சொன்னேன். கருவி பேசினால் நாங்கள் பேசக் கூடாது என்றும், பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும், திரையில் புள்ளிகள் ஒன்றானதையும் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"சரி" என்றாள். "இனி உள்ள நடந்தத நான் சொல்லுதேன். என்கிட்ட யாரும் இதக் கேக்கல. வலி எங்க இருக்குன்னுதான் கேட்டாங்க."

ஒரு பெரியவருக்கு டீ ஊற்றிக்கொண்டிருந்தாளாம். திடீரென்று டீ கப்பிலிருந்து மேலே எழும்பியது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானும் எழும்பி, கூரையில் இடித்து, இருக்கையின் கைப்பிடிமேல் விழுந்தாள். கால் இருக்கிற உணர்வே இல்லை. யாராலும் தூக்க முடியவில்லை. தூக்கவும் கூடாது என்று அவளுக்கே தெரிந்திருந்தது. நடைவழியிலேயே கிடந்தாள். அந்தப் பெரியவர் பெல்ட்டைக் கழற்றாமல் குனிந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். விமானம் தரையிறங்கும்வரை விடவில்லை. எதையோ சொல்லிக்கொண்டே இருந்தாராம்.

"என்ன பாஷைன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. ஒரு வார்த்தை புரியல. ஆனா அவரு நிப்பாட்டிருந்தா நான் செத்திருப்பேன்."

மாரிசெல்வம் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி நின்றார். நான் ஜான்சியின் கையைப் பிடிக்கலாமா என்று யோசித்து, பிடிக்காமல் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளே தன் கையை என் கைமேல் வைத்தாள்.

கார்த்திகா கேட்ட அன்றே ஜான்சிக்குப் போன் செய்தேன். இதையெல்லாம் எழுதப் போகிறேன், உனக்குச் சம்மதமா, பெயரை மாற்றிவிடட்டுமா என்றேன்.

"மாத்தாதீங்க" என்றாள். "பணிப்பெண் ஒருவர்னு போட்டுறாதீங்க. ஜான்சின்னு போடுங்க."